மணிக்கட்டு செய்வதும் செய்யாததும்

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைக்குப் போகும் வழியில் இருக்கிறது பலாபத்வல. இங்கிருந்து கோல்ஃப் ஆடப் போக நினைப்பவர் கண்டிப் பக்கம் திரும்பி, விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய திகன மைதானம்வரை போக வேண்டும். ஆனால் மணிக்கட்டின் மகிமையை இந்தப் பக்கத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்டிக்காரரான முரளிதரன், பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கையோடு 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். ஓஃப் ஸ்பின்னர்கள் பெரும்பாலும் விரலை நம்புவார்கள். அவர் மணிக்கட்டையும் சேர்த்துக்கொண்டார்.

கோல்ஃபிலும் பேச்செல்லாம் மணிக்கட்டைப் பற்றித்தான். "மணிக்கட்டைத் திருப்பு" என்பார்கள் பயிற்றுநர்கள். எட்டுச் சிறு எலும்புகள் அடங்கிய அந்தப் பகுதி முன்னும் பின்னும் மடியும், பக்கவாட்டில் சாயும். திருகுவது அதன் வேலையல்ல. சாவியைத் திருப்பும் அசைவு, முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன்மேல் புரள்வதால் வருவது. ஒரு கையால் மற்ற முன்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைப் புரட்டினால் விரல்களுக்கே தெரியும்.

வேகம் வருவது மணிக்கட்டின் பக்கவாட்டுச் சாய்வில். மட்டையை மேலே தூக்கும்போது மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் சாய, முன்கைக்கும் மட்டைத் தண்டுக்கும் நடுவே ஏறக்குறைய செங்கோணம் விழுகிறது. கீழே வீசும்போது அதை எவ்வளவு நேரம் காப்பாற்றுகிறோம் என்பதுதான் விஷயம். 1968இல் அலஸ்டர் கொக்ரனும் ஜோன் ஸ்டொப்ஸும் வெளியிட்ட ஆய்வு நூல் இதை இரட்டை ஊசலாகக் கண்டது. தோளிலிருந்து தொங்கும் கை ஓர் ஊசல்; மணிக்கட்டில் தொங்கும் மட்டை இன்னொன்று. கை சுழலச் சுழல மட்டையின் தலை தானாகவே வெளியே விரியப் பார்க்கும். அது விரியும்போது கையின் வேகம் தணிந்து, ஆற்றல் மட்டைக்குப் போய்ச் சேர்கிறது. கோடரியால் விறகு பிளப்பவர் யாரும் சொல்லாமலே செய்வதும் இதைத்தான். புதிதாக ஆடுபவரோ எடுத்த எடுப்பிலேயே மணிக்கட்டால் அடிக்கப் பார்ப்பார். பந்தை எட்டுமுன்பே வேகம் செலவாகிவிடும்.

கீழ்வீச்சுக்கு ஏறக்குறைய கால் விநாடி. மட்டை பந்தைத் தொட்டிருப்பது அரை மில்லி விநாடிதான். அந்த இடைவெளியில் கை எதையும் திருத்த முடியாது.

பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். வலக்கை ஆட்டக்காரரின் இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிந்தால் முகம் வலப்புறம் திறக்கும். உள்ளங்கைப் பக்கம் மடிந்தால் மூடும். பந்து இடப்பக்கம் வளைந்து ஓடும் தொல்லையால் அவதிப்பட்ட கோல்ஃப் வீரர் பென் ஹோகன், மேல்வீச்சின் உச்சியில் மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் மடித்ததைத் தன் ரகசியமாக 1955இல் 'லைஃப்' இதழில் வெளியிட்டார். ஏற்கெனவே வலப்பக்கம் பந்தைத் தொலைப்பவர் அதைப் பின்பற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

2020 மாஸ்டர்ஸ் வென்ற டஸ்டின் ஜோன்சன் நேர் எதிர். உச்சியில் அவரது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் வெகுவாக மடிந்திருக்கும். மூடிய முகத்தை ஈடுகட்ட, பந்தைத் தொடுமுன் உடலை நன்றாக இலக்கின் பக்கம் திருப்பிவிடுகிறார். இரண்டில் எது சரி என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டுமே கோப்பை வென்றிருக்கின்றன. ஆனால் காணொளியில் ஜோன்சனின் மணிக்கட்டை மட்டும் பார்த்துவிட்டு, இடுப்பைத் திருப்பாமல் மடிப்பவரின் பந்தை இடப்பக்கப் புதருக்குள்தான் தேட வேண்டியிருக்கும்.