இரட்டையருள் ஒருவருக்கு மட்டும் ஏன்?

ஆண்டுதோறும் ஜூன் மாதம், மிருகசிரா கார்த்தி நாளில், ஐதராபாத் நாம்பள்ளி பொருட்காட்சித் திடலில் பத்தினி குடும்பத்தார் ஆஸ்துமாவிற்கென வழங்கும் மீன் மருந்துக்குப் பெருங்கூட்டம் திரள்வதை நம் நகர வாடிக்கையாளர்கள் அறிவர். அதன் பயன் அறிவியல்முறைப்படி நிறுவப்படவில்லை. எனினும் ஒவ்வாமை எத்தனை குடும்பங்களை வருத்துகிறது என்பதற்கு அக்கூட்டமே சான்று. இந்நோய்க்கும், பெரும்பாலும் இளவயதில் தோன்றும் முதல் வகை நீரிழிவுக்கும் உறவு உண்டா?

இரண்டுமே உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதால் விளைபவை. ஒவ்வாமையில் அது தூசியையும் மகரந்தத்தையும் பகையெனக் கொள்கிறது. முதல் வகை நீரிழிவிலோ கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களையே அழிக்கிறது. 1986-இல் மோஸ்மன், காஃப்மன் முதலியோர் எலிகளின் உதவி டி-அணுக்களில் இருவகை உண்டெனக் காட்டினர். ஒருவகை நீரிழிவுக்கும் மற்றது ஒவ்வாமைக்கும் துணைபோகின்றன, ஒன்று ஓங்கினால் மற்றது தாழும் என்னும் கருத்து அதிலிருந்து வளர்ந்தது. பற்று வரவு ஏட்டில் பழகிய நமக்கு இக்கணக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே பெருகின. ஒரே குழந்தைக்கு இரண்டும் வருவதும் உண்டு.

மரபணுவே முழுக் காரணம் எனில், ஒருகரு இரட்டையர் இருவருக்கும் நோய் ஒருசேர வரவேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. ஒருவருக்கு நீரிழிவு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு, ஏனைய உடன்பிறந்தாரைவிட மிகுதி. ஆயினும் சிலருக்குப் பல்லாண்டுகள் கழித்தே வருகிறது, சிலருக்கு வருவதேயில்லை. ஆஸ்துமாவும் அவ்வாறே. சூழலுக்கும் இதில் பங்குண்டு.

ஆகவே, 'இவனுக்கு மூச்சிரைப்புதானே, சர்க்கரை வராது' என்று பெற்றோர் இருந்துவிடலாகாது. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமற்ற மெலிவு ஆகியவை தோன்றினால் அன்றே இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்து ஸ்டீராய்டு மாத்திரை தரப்பட்டால் சர்க்கரை ஏறும். மருத்துவரிடம் முன்னரே கூறிவிடுக.

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் இரட்டையர் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் தனித்தனியே, உள்ளபடி எழுதுக. குடும்ப நோய் வரலாறு கேட்கப்பட்டால் அதையும் மறைக்க வேண்டா. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 2024-இல் 48 மாதங்களிலிருந்து 36 ஆகக் குறைத்துள்ளது. 60 மாதங்கள் இடைவிடாது தொடர்ந்த பாலிசியில், உண்மையை மறைத்ததாகக் கூறி இழப்பீட்டை மறுக்க இயலாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு.