மலையில் ஓடிய பழைய காரை வாங்கும் முன்

வட்டிக் கடன் வேண்டாம், கையில் இருக்கும் சேமிப்புக்குள் நல்ல கார் ஒன்று வேண்டும் என்று நினைக்கும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் கார்களைத்தான் தேடுகின்றன. பலேனோ, ஐ20, கிளான்சா, அல்ட்ராஸ், ஜாஸ், போலோ போன்ற பிரீமியம் ஹேட்ச்பேக் கார்கள் நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்குபவை. அதனால் ஊட்டி, குன்னூர் போன்ற ஊர்களின் குறுகலான தெருக்களுக்கு அவை பொருத்தமாக இருக்கின்றன.

நீலகிரியின் பதிவு எண் டிஎன் 43. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. டிஎன் 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை என்பதால் பலரும் அந்த எண்ணை விரும்புகிறார்கள். ஆனால் அதே எண், அந்த வண்டி மலையிலேயே ஓடியிருக்கலாம் என்பதையும் சொல்கிறது.

"முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் சொல்லலாம். அது உண்மையாகவே இருக்கட்டும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டரில். அந்த ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது கிளட்சும் பிரேக்கும் படும் பாடு, சமவெளியில் பல கிலோமீட்டர் ஓடும் பாட்டுக்குச் சமம். ஆகவே மீட்டரை மட்டும் பார்த்து விலை பேசக்கூடாது.

எதை, எப்படிப் பார்ப்பது?

முதலில், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நாம் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பலவீனமான பேட்டரி ஊட்டிக் குளிரில் உடனே தெரிந்துவிடும். குளிரில் சற்று நேரம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

அடுத்து கிளட்ச். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. வளைவுகளில் ஹாஃப் கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஓட்டிய வண்டிகளில் இது விரைவில் வரும். ஆட்டோமேட்டிக் என்றால் ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள். உதறலோ கருகிய வாடையோ இருக்கக்கூடாது.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தன் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அங்கு காற்று அடர்த்தி குறைவு என்பதே காரணம். இதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். குடும்பத்தோடு ஐந்து பேர் போவதானால், ஐந்து பேர் ஏறியே ஓட்டிப் பாருங்கள்.

மிக முக்கியமானது பிரேக். நம் பிள்ளைகளின் உயிர் அதில்தான் இருக்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கி, இடையிடையே பிரேக் பிடியுங்கள். பெடல் துடித்தாலோ, ஸ்டியரிங் ஆடினாலோ டிஸ்க் வளைந்திருக்கலாம். பெடல் மெத்தென்று உள்ளே போனால் உடனே நிறுத்திவிடுங்கள். நியூட்ரலில் இறக்கும் பழக்கமுள்ளவரின் வண்டியில் பிரேக் பெரிதும் சூடாகித் தேய்ந்திருக்கும்.

பிறகு அடிப்பாகம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. ஸ்டெப்னி இருக்கும் குழி, கதவுகளின் கீழ் ஓரம், தரை மேட்டின் அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டேட் பாதைகளில் ஓடிய வண்டி என்றால் கீழே உரசிய தழும்புகள் இருக்கும். மெக்கானிக்கை அழைத்து லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு சிறியது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது.

போலோவின் தயாரிப்பு 2022-லும், ஜாஸின் தயாரிப்பு 2023-லும் இந்தியாவில் நின்றுவிட்டது. அவற்றை வாங்குவோர் உதிரி பாகங்கள் உள்ளூரில் கிடைக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். பல வருட வண்டிக்கு அது பூஜ்ஜியமாக இருந்தால், சமீபத்தில் கிளைம் ஏதும் நடந்ததா என்று கேளுங்கள். வங்கிக் கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைச் சான்றும் கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

"தெரிந்தவர்தானே" என்று பெயர் மாற்றாமல் விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே பெயர் மாற்றம் வாங்குபவரை விட விற்பவருக்கே அதிகப் பாதுகாப்பு.

விற்பவர் நம்மவராக இருந்தால், பொருளின் குறையைச் சொல்லி விற்பது மார்க்கம் அவர்மீது வைத்த கடமை. பிரேக் தேய்ந்ததை மறைத்து விற்றால், அதன் விலையைக் கொடுப்பது இறக்கத்தில் அந்த வண்டியில் போகும் இன்னொரு குடும்பம். அவர் சொன்ன குறைக்கு ஏற்ற நியாயமான விலையைப் பேசி, மனநிறைவோடு வாங்குவது நம் பங்கு.