பிக்அப் முன்சக்கரம் லேசானால் ஆபத்து: ட்ரெய்லர் இழுக்க உதவும் இந்த ஹிட்ச் என்ன செய்கிறது?

மொபெட் கேரியரில் ரெண்டு அரிசி மூட்டை ஏற்றிப் போனவர்களுக்கு இது தெரியும். ஹேண்டில்பார் திடீரென லேசாகிவிடும். முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் படுக்கை, சமையலறை எல்லாம் கொண்ட டிராவல் ட்ரெய்லரை பிக்அப்பில் கட்டி இழுப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். என்ன, வேகம் மணிக்கு 100 கி.மீ.

பொதுவாக ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதன் முன்முனை வழியாக இழுக்கும் வண்டியின் மேல் இறங்க வேண்டும். 3,000 கிலோ ட்ரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. இதைக் குறைக்கலாமே என்று சாமான்களை ட்ரெய்லரின் பின்பக்கம் அடுக்கினால் கதை கந்தல்! ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து, வண்டியையே கவிழ்த்துவிடலாம்.

ஆக, எடை இருந்தே ஆகணும். ஆனால் அது இறங்குவது பின் அச்சுக்கும் பின்னால். அதனால் சீசா மாதிரி வண்டியின் முன்பக்கம் எழும்பும். ஸ்டீயரிங் பிடிமானமும் முன்பக்க பிரேக்கின் பலனும் குறையும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இங்கேதான் 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்' வருகிறது. இதன் தலைப்பகுதியிலிருந்து ரெண்டு ஸ்பிரிங் கம்பிகள் ட்ரெய்லர் சட்டத்துக்குக் கீழே நீளும். அவற்றின் நுனியைச் சங்கிலியால் மேலே இழுத்து மாட்டினால், கம்பிகள் நெம்புகோலாக மாறும். தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்குவது போலத்தான். பின் அச்சில் குவிந்த சுமையில் ஒரு பங்கு முன்சக்கரங்களுக்கும், இன்னொரு பங்கு ட்ரெய்லர் சக்கரங்களுக்கும் போய்விடும்.

சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு டேப் போதும். முன்சக்கர வளைவின் உயரத்தை மூன்று முறை அளக்க வேண்டும்: ட்ரெய்லர் மாட்டும் முன், மாட்டிய பின், கம்பிகளை இழுத்த பின். 90 செ.மீ. இருந்தது 94 ஆனால், பாதி இறக்கம் என்பது 92. எவ்வளவு இறங்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேடு சொல்வதே கணக்கு. அளவுக்கு மீறி இழுத்தால் பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். அதுவும் ஆபத்துதான்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த ஹிட்ச் வண்டியின் இழுவைத் திறனைக் கூட்டாது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள சுமை வரம்புக்குள்தான் குடும்பம், சாமான், ட்ரெய்லரின் முன்முனை எடை, ஏன், ஹிட்சின் எடைகூட அடங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால்? வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்க வேண்டும்.