போரும் எண்ணெயும் வற்றாத சக்தியும்

திருவனந்தபுரம் நகரின் நடுவே, கிழக்குக் கோட்டை வாயிலை அடுத்து அமைந்துள்ளது பழவங்காடி. இங்குள்ள கணபதி கோயில் இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் உள்ளது. சாலைக் கடைவீதியும் கோட்டைப் பேருந்து நிலையமும் அருகிலேயே இருப்பதால் காலை முதல் இரவு வரை இங்கே வண்டிகளின் ஓட்டம் ஓய்வதில்லை. அவ்வண்டிகளுள் சில ஆண்டுகளாக ஒரு புதுமை சேர்ந்துள்ளது. 2022 ஆகஸ்டில் நகரச் சுற்றுப் பாதைகளில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 113 பேருந்துகளை வாங்கும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்படி 2023 ஆகஸ்டில் மேலும் பல வந்து சேர்ந்தன.

ஆயினும் 2024 ஜனவரியில், மின்பேருந்துகள் லாபகரமானவை அல்ல என்று மாநிலப் போக்குவரத்து அமைச்சர் கருத்துத் தெரிவித்தார். அதையொட்டிப் பெரும் விவாதம் எழுந்தது. பேருந்தின் விலை, பாட்டரியின் ஆயுள், வசூலாகும் கட்டணம் ஆகியவற்றைக் கணக்கிடுவது நிர்வாகத்தின் கடமையே. ஆனால் அக்கணக்கில் டீசலுக்கு எந்த விலையைப் போடுவது? இன்றைய விலையையா, போர் மூளும் நாளின் விலையையா? வற்றாத சக்திகளின் வரலாறு முழுவதும் இவ்வொரு கேள்வியையே சுற்றி வந்திருக்கிறது எனலாம்.

கரிவாயுக் காலம்

இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்தியாவுக்கு வேண்டிய மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பெருமளவில் பர்மாவிலிருந்து வந்தன. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றவே அந்த வரத்து நின்றது. பெட்ரோலுக்குப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. அப்போது தென்னாட்டுச் சாலைகளில் பல பேருந்துகள் தங்கள் முதுகில் ஓர் உருளை அடுப்பைச் சுமந்து ஓடின. அடுப்பில் இட்ட மரக்கரி, போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் எரிவாயு உண்டாகும். அதைக் குளிர்வித்து, தூசு நீக்கி, எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோலின் வேலையை அது ஓரளவு செய்யும். மரம் மீண்டும் வளரக்கூடியதாகையால், இதனை வற்றாத சக்தியின் ஒரு வகை என்றே கொள்ளலாம்.

ஆனால் வண்டியைக் கிளப்ப நெடுநேரம் பிடித்தது; ஏற்றத்தில் எஞ்சின் திணறியது; கரியும் சாம்பலும் ஓட்டுநரை வருத்தின. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரிவாயு அடுப்புகள் கழற்றி எறியப்பட்டன. அவற்றைச் செம்மைப்படுத்தும் முயற்சியும் அத்துடன் தளர்ந்தது. முட்டுப்பாடு வரும்போது புதுமுறை பிறக்கும். முட்டுப்பாடு நீங்கும்போது அது மறக்கப்படும். பிற்காலத்தில் பலமுறை நிகழ்ந்ததற்கு இது முன்மாதிரியாயிற்று.

இரு அதிர்ச்சிகளும் அவற்றின் பயன்களும்

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. ஏறத்தாழ 3 டாலராக இருந்த ஒரு பீப்பாயின் விலை 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. 1979இல் ஈரானியப் புரட்சியும், 1980இல் ஈரான்-இராக் போரும் அவ்விலையை 30 டாலருக்கு மேல் உயர்த்தின. அயல்நாட்டு நாணயம் அரிதாயிருந்த இந்தியாவுக்கு இவை பேரிடிகளாயின.

இவ்விரு அதிர்ச்சிகளின் விளைவாகவே நம் நாட்டில் வற்றாத சக்திகளுக்கெனத் தனி அமைப்புகள் தோன்றின. 1981 மார்ச்சில் கூடுதல் எரிசக்தி மூலங்களுக்கான ஆணைக்குழுவை மத்திய அரசு நிறுவியது. 1982இல் மரபுசாரா எரிசக்தித் துறை உருவாயிற்று. 1992இல் அது தனி அமைச்சகமாக உயர்ந்தது. கேரளத்தில் 1986ஆம் ஆண்டு ‘அனெர்ட்’ என்னும் அமைப்பு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. சாண எரிவாயுக் கலம், புகையில்லா அடுப்பு, சூரிய விளக்கு ஆகியவற்றைக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்ற களப்பணியாளர்கள் இத்தகைய அமைப்புகளின் கைகால்களாக விளங்கினர்.

பழவங்காடிக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள விழிஞ்ஞம் கடற்கரையிலும் அக்காலத்து ஆர்வத்தின் சின்னம் ஒன்று எழுந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 1980களில் மேற்கொண்ட ஆராய்ச்சியின் பயனாக, 1991இல் 150 கிலோவாட் திறனுள்ள அலைமின் நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது. அடியில் திறந்த ஒரு பெரிய கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்கும். அதனால் அறையிலுள்ள காற்று மேல்வழியாக வெளியே தள்ளப்பட்டும் உள்ளே இழுக்கப்பட்டும் ஒரு சுழலியைச் சுற்றும். காற்று எத்திசையில் பாய்ந்தாலும் ஒரே பக்கமாகச் சுழலுமாறு சுழலி அமைந்திருந்தது. அலையிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை இந்நிலையம் மெய்ப்பித்தது. ஆயினும் அடுத்த படிக்கு வளராமல் பின்னர் கைவிடப்பட்டது.

மலிவு தந்த மறதி

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. பல நாடுகளில் வற்றாத சக்தி ஆராய்ச்சிக்கான உற்சாகமும் உடன் சரிந்தது. அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு ஜனாதிபதி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையின்மேல் வெந்நீர்ச் சூரியத் தகடுகளை அமைத்திருந்தார். அவை 1986இல் கழற்றப்பட்டன.

இந்த மறதி நமக்கு அந்நியமானதன்று. கேரளத்தின் மின்சாரம் நெடுங்காலம் மழையையே நம்பியிருந்தது. 1940இல் பள்ளிவாசல், 1976இல் இடுக்கி என்று நீர்மின் நிலையங்கள் வளர்ந்தன. ஆனால் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டு தவிர்க்க முடியாததாயிற்று. இக்குறையை நீக்க 1990களின் பிற்பகுதியில் தேர்ந்தெடுத்த வழி எண்ணெய். பிரம்மபுரத்தில் சுமார் 107 மெகாவாட், கோழிக்கோட்டில் 128 மெகாவாட் என டீசல் மின் நிலையங்கள் எழுந்தன. காயங்குளத்தில் தேசிய அனல்மின் கழகம் நாப்தா எண்ணெயால் இயங்கும் சுமார் 360 மெகாவாட் நிலையத்தை 1999இல் முழுமையாக்கியது. விரைவில் கட்டி முடிக்கலாம், எரிபொருளும் மலிவு. 1998 இறுதியில் ஒரு பீப்பாய் விலை ஏறத்தாழ 10 டாலரே.

பத்தாண்டுகளுக்குள், 2008 ஜூலையில், அவ்விலை 147 டாலரைத் தொட்டது. எண்ணெயால் கிடைத்த மின்சாரம் மற்றெல்லாவற்றையும்விட விலையுயர்ந்ததாயிற்று. காயங்குளம் நிலையம் பின்னாளில் பெரும்பாலும் இயங்காமலே நின்றது. மின்சாரம் வாங்காத காலத்திலும் நிலையத்துக்கான நிரந்தரக் கட்டணத்தை மாநில மின்வாரியம் செலுத்த நேர்ந்தது. விலை மலிந்திருந்த வேளையில் எடுத்த முடிவின் சுமையை விலை ஏறிய பின்னும் மக்கள் தாங்கவேண்டி வந்தது.

இவ்வரலாற்றின் அடுத்த பகுதியும் அதே இடத்தில் நிகழ்ந்தது. காயங்குளம் நிலையத்தைச் சார்ந்த நீர்ப்பரப்பின்மேல் 92 மெகாவாட் திறனுள்ள மிதக்கும் சூரிய மின் நிலையம் 2022இல் முழுமை பெற்றது. ஒரே வளாகத்தில் ஒன்று எண்ணெய்க்காகக் காத்து நிற்கிறது. மற்றொன்று வெயிலில் வேலை செய்கிறது.

எண்ணெய் எங்கே எரிகிறது?

இங்கே ஓர் உண்மையை ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். இந்தியாவின் மின்சாரத்தில் இன்று எண்ணெயிலிருந்து கிடைப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்ணெயின் பெரும்பகுதி வண்டிகளிலும், படகுகளிலும், தொழிற்சாலைகளிலும், எரிவாயு உருவில் அடுக்களைகளிலும் எரிகிறது. ஆகவே கூரைதோறும் சூரியத் தகடுகளைப் பொருத்தினாலும், வண்டியும் அடுப்பும் மாறாதவரை எண்ணெய் இறக்குமதி பெரிதும் குறையாது. 2023-24ஆம் ஆண்டில் நம் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வந்தது. சூரிய மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும் இடையே பாலமாக அமைவது மின்சார வண்டியே.

ஒரு தோராயக் கணக்கைப் பார்ப்போம். நகரப் பேருந்து ஒன்று நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் வீதம் 50 லிட்டர் செலவாகும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பசக்தி அடங்கியுள்ளது. எனவே 500 யூனிட் செலவாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வீணாகிறது. மின்பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் வீதம் 200 யூனிட் போதும். ஒரு கிலோவாட் சூரியத் தகடு கேரளத்தில் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 50 கிலோவாட் தகடுகள் இருந்தால் ஒரு பேருந்தின் அன்றாடத் தேவை நிறைவேறும். அதற்கு வேண்டிய சுமார் 500 சதுர மீட்டர் இடம் ஒரு பெரிய பள்ளிக் கட்டடத்தின் கூரையளவே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தகடுகள் பகலில் மின்சாரம் தருகின்றன. கேரளத்தின் மின்தேவையோ மாலையிலும் முன்னிரவிலும் உச்சத்தை அடைகிறது. இரவில் பேருந்துகளுக்கு மின்னேற்றினால் அது வேறு மூலத்திலிருந்தே வரவேண்டும். இதற்குத் துணையாக நிற்பவை அணைகளே. பகலில் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்தினால் அணைநீரை இரவுக்குச் சேமிக்கலாம். இவ்வாறு நோக்கினால் இடுக்கி நீர்த்தேக்கம் ஒரு மாபெரும் பாட்டரியாகும்.

நீர்வழியிலும் இம்மாற்றம் கைகூடியுள்ளது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் செல்லத்தக்க ‘ஆதித்யா’ என்னும் சூரியசக்திப் படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது.

போர் துணையா, தடையா?

போர் வந்தால் வற்றாத சக்தி தானே வளரும் என்று எண்ணுவது தவறு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா-உக்ரேன் போர் தொடங்கிய பின், ஐரோப்பிய நாடுகள் சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் விரைவுபடுத்தின. அதே வேளையில் நிலக்கரி நிலையங்கள் சிலவற்றை மீண்டும் இயக்கவும் செய்தன. விலைவாசியும் வட்டி விகிதமும் ஏறின. சூரிய நிலையத்துக்கும் காற்றாலைக்கும் செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே ஏற்படுவதால், வட்டி உயர்வு அவற்றை மிகுதியாகத் தாக்கும்.

சூரியத் தகடுகளின் உற்பத்தியும் பெரும்பாலும் சீனா என்ற ஒரே நாட்டில் குவிந்துள்ளது. எண்ணெய்க்கு அரபு நாடுகளை நம்பியது போலத் தகடுகளுக்கு வேறொரு நாட்டை நம்புவதா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. 2024இல் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியே சென்றது. அத்தகைய வழி அடைபட்டால் சில வாரங்களில் ஓடும் வண்டிகளே நிற்கும். தகடுகளின் வரத்து நின்றாலோ புதியவற்றைப் பொருத்துவது தடைபடுமேயன்றி, பொருத்தியவை இருபது ஆண்டுகளுக்கு மேலும் மின்சாரம் தந்துகொண்டிருக்கும்.

கேரளத்துக்கு இதில் மற்றொரு தொடர்பும் உண்டு. எண்ணெய் விலை உயர்ந்த 1970களில் அரபு நாடுகளில் பெருகிய வேலைகளே மலையாளிகள் பலரை அங்கே ஈர்த்தன. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானங்களில் தாயகம் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்களுள் கேரளத்தவர் மிகப் பலர். வளைகுடாவில் போர் மூண்டால் எரிபொருளின் விலை ஏறுவதும் வீட்டுக்கு வரும் பணம் தடைபடுவதும் ஒருங்கே நேரும் மாநிலம் இது.

விடாமுயற்சியின் பயன்

1970களின் நடுவில் ஒரு வாட் திறனுள்ள சூரியத் தகட்டின் விலை பல பத்து டாலர்களாக இருந்தது. இன்று அது ஒரு டாலரில் சிறு பகுதியே. இவ்வீழ்ச்சி எண்ணெய் அதிர்ச்சியால் மட்டும் நேர்ந்ததன்று. 1974இல் ஜப்பான் தொடங்கிய சூரியசக்தித் திட்டம், எண்ணெய் மலிந்த ஆண்டுகளிலும் கைவிடப்படவில்லை. டென்மார்க் காற்றாலைகளை விடாது சீர்திருத்தி வந்தது. ஜெர்மனி 2000ஆம் ஆண்டில் சட்டத்தின்மூலம் சூரிய மின்சாரத்துக்கு நிலையான விலை அளித்தது. பின்னர் சீனாவின் பேருற்பத்தி விலையை வெகுவாகக் குறைத்தது. அதிர்ச்சி விதையை ஊன்றியது. அமைதிக் காலத்தில் தண்ணீர் ஊற்றியவர்களே விளைச்சலைக் கண்டனர்.

களப்பணியாளர்கள் இதிலிருந்து பெறத்தக்க பாடம் நடைமுறைக்குரியது. தம் வட்டாரத்தில் எத்தனை படகுகள், எத்தனை பம்புசெட்டுகள், எத்தனை விடுதி அடுக்களைகள் எண்ணெயையோ எரிவாயுவையோ நம்பியுள்ளன, மாதந்தோறும் எவ்வளவு செலவாகிறது என்ற பட்டியலை விலை அமைதியாயுள்ள நாட்களிலேயே தயாரித்து வைத்தல் வேண்டும். பழுதான சாண எரிவாயுக் கலங்களையும் சூரிய விளக்குகளையும் செப்பனிடுவது, புதியன நிறுவுவதற்கு ஒப்பான பணியேயாகும். ஆசிரியர்கள் மேற்கண்ட பேருந்துக் கணக்கை, லிட்டருக்கு இன்றைய டீசல் விலையை வைத்து ஒருமுறையும், அதன் இருமடங்கு விலையை வைத்து மற்றொரு முறையும் மாணவர்களைச் செய்யச் சொல்லலாம். இரண்டு விடைகளுக்கும் இடையேயுள்ள வித்தியாசமே, போர் நாளில் நாம் செலுத்த நேரும் விலை.