சொத்தைக் கடலையும் சொத்தைப் பல்லும்!

அவினாசியில் இருந்து புளியம்பட்டிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, சேவூர்.

அங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஒன்று உண்டு. நிலக்கடலை ஏலத்துக்குப் பெயர் பெற்றது. சுற்று வட்டார விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கடலை கொண்டு வருவார்கள்.

கடலை வாங்குகிறவர் வெறும் ஓட்டைப் பார்த்து விலை சொல்வாரா? சொல்ல மாட்டார். ஒரு கை அள்ளுவார். குலுக்கிப் பார்ப்பார். இரண்டை உடைத்தும் பார்ப்பார்.

ஏன் தெரியுமா? மேல் ஓடு நன்றாக இருக்கும். உள்ளே பருப்பு சொத்தையாக இருக்கும்!

பல்லும் அப்படித்தான். மேலே வெள்ளையாக இருக்கும். உள்ளே சொத்தை விழுந்திருக்கும். வேரில் சீழ் கட்டியிருக்கும்.

கடலையை உடைத்துப் பார்க்கலாம். பல்லை உடைத்துப் பார்க்க முடியுமா? அதற்காகத்தான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

"புடுங்கி விட்டுடுங்க!"

பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தியை நினைத்துக் கொள்ளுங்கள். அவளுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். கிராம்பை வைத்துக் கடிக்கிறாள். வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறாள். வலி அடங்குகிறது. ஒரு மாதம் கழித்து மறுபடி வருகிறது. இந்த முறை கன்னம் வீங்கி விடுகிறது.

மாமியார் அவளை டாக்டரிடம் அழைத்துப் போகிறார்.

"எக்ஸ்ரே எடுக்க வேண்டும்" என்கிறார் டாக்டர்.

"அதெல்லாம் எதுக்குங்க, டாக்டர்? பல்லைப் புடுங்கி விட்டுடுங்க! போயிறோம்" என்கிறார் மாமியார்.

"எந்தப் பல்லைப் பிடுங்குவதம்மா? வலி ஒரு பல்லில் இருக்கும். பக்கத்துப் பல் வலிப்பது போலத் தோன்றும். நல்ல பல்லைப் பிடுங்கி விட்டால் திரும்ப வருமா?"

மாமியார் வாயடைத்துப் போகிறார்.

இது பல வீடுகளில் நடக்கிற கதைதான். எக்ஸ்ரே என்றதும் பலருக்குச் சந்தேகம். சிலருக்குப் பயம். விஷயம் தெரிந்து விட்டால் இரண்டும் போய்விடும்.

"எக்ஸ்" என்றால் என்ன?

1895-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மனி நாட்டில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி ஒரு புதுக் கதிரைக் கண்டுபிடித்தார். அது கண்ணுக்குத் தெரியாத கதிர். தோலையும் சதையையும் ஊடுருவிப் போயிற்று. எலும்பு மட்டும் அதைத் தடுத்தது. தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் படத்தில் விழுந்தன!

கணக்கில் தெரியாத எண்ணுக்கு "எக்ஸ்" என்று பெயர் வைப்பார்கள் அல்லவா? இந்தக் கதிர் இன்னதென்று அவருக்கு அப்போது தெரியவில்லை. அதனால் "எக்ஸ்" கதிர் என்றார். அந்தப் பெயரே நிலைத்து விட்டது. 1901-ல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1896 ஜனவரியிலேயே வால்காப் என்ற ஜெர்மன் பல் டாக்டர் தம் பல்லைப் படம் எடுத்தார். அதற்காக அவர் அசையாமல் இருந்தது எவ்வளவு நேரம் தெரியுமா? 25 நிமிடம்! இன்றோ, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்து விடுகிறது.

படத்தில் என்ன தெரியும்?

பனியன் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துணி கனமாக இருக்கும் இடம் இருட்டாகத் தெரியும். ஓட்டை விழுந்த இடத்தில் வெளிச்சம் வரும்.

எக்ஸ்ரேயும் அதே போலத்தான். ஆனால் நிறம் மட்டும் தலைகீழ். கெட்டியான பல்லும் எலும்பும் படத்தில் வெள்ளையாக இருக்கும். சொத்தை விழுந்து உளுத்த இடத்தில் கதிர் நுழைந்து விடும். அந்த இடம் கறுப்பாக இருக்கும்.

கண்ணாடியில் பார்த்தால் தெரியாத பல விஷயங்கள் படத்தில் தெரியும்.

இரண்டு பற்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தை தெரியும். வேர் நுனியில் சீழ் பிடித்து எலும்பு கரைந்திருந்தால் தெரியும். ஈறு நோயால் பல்லைத் தாங்கும் எலும்பு இறங்கியிருந்தால் தெரியும். வழி கிடைக்காமல் படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லும் தெரியும்.

குழந்தைகளுக்குப் பால் பற்கள் 20. அவற்றின் அடியில் நிரந்தரப் பற்கள் காத்திருக்கின்றனவா என்றும் படம் சொல்லும்.

வேர் சிகிச்சைக்கும் படம் வேண்டும். வேர் எவ்வளவு நீளம், எத்தனை கிளை என்று தெரியாமல் உள்ளே கருவியை விடலாமா?

சின்னப் படம், பெரிய படம்

ஒன்றிரண்டு பற்களை மட்டும் எடுப்பது சின்னப் படம். வாய்க்குள் சிறு தகடு வைத்து எடுப்பார்கள். இப்போது அது உடனே கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறது. "ஆர்.வி.ஜி." என்பது அதுதான். அது 1987-ல் பிரான்சு நாட்டில் வந்தது.

இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் எடுப்பது "ஓ.பி.ஜி." நீங்கள் அசையாமல் நிற்பீர்கள். இயந்திரம் முகத்தைச் சுற்றி வரும். பின்லாந்துப் பல் டாக்டர் பாட்டெரோ இந்த முறையை உருவாக்கினார்.

ஆபத்து உண்டா?

நியாயமான கேள்வி. பதிலையும் ஒளிக்காமல் சொல்லி விடலாம்.

அமெரிக்காவில் கெல்ஸ் என்ற பல் டாக்டர் இருந்தார். 1896-லேயே பல் எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கியவர். கதிரின் தீமை அப்போது யாருக்கும் தெரியாது. கதிர் சரியாக வருகிறதா என்று தம் கையைக் காட்டியே சோதித்தார். ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்தார். கையில் புற்றுநோய் வந்தது. விரல்கள் போயின. பிறகு கையும் போயிற்று. 1928-ல் இறந்தார்.

அந்தப் பாடம் வீணாகவில்லை. இன்று கதிரின் அளவை வெகுவாகக் குறைத்து விட்டார்கள். மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் இயற்கையாகவே ஓரளவு கதிர் தினமும் நம் மேல் படுகிறது. ஒரு சின்னப் பல் படத்தில் வரும் கதிர், ஏறக்குறைய அந்த ஒரு நாள் அளவுதான். ஓ.பி.ஜி. என்றால் சில நாள் அளவு.

அதற்காக விளையாட்டாக எடுக்கக் கூடாது. தேவை இருந்தால்தான் எடுக்க வேண்டும். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எக்ஸ்ரே இயந்திரங்களைக் கட்டுப்படுத்துகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

"எதற்காகப் படம்?" என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

பழைய படம் இருந்தால் கொண்டு போங்கள். புதிதாக எடுத்தால் ஒரு பிரதி வாங்கி வையுங்கள். வேறு டாக்டரிடம் போனால் மறுபடி எடுப்பது மிச்சமாகலாம்.

கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லி விடுங்கள். அவசியமானால் அப்போதும் பல் படம் எடுக்கலாம். தள்ளிப் போடலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

வலிக்கும் பல்லில் புகையிலை வைக்காதீர்கள். மாத்திரையைப் பொடித்தும் வைக்காதீர்கள். ஈறு வெந்து போகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எல்லாமே தெரிந்து விடாது. ஈறிலோ நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருந்தால் அதை டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். புகையிலை, பான் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நாள் பார்க்காதீர்கள்!

பல் வலி நின்று விட்டால் நோய் போய் விட்டது என்று நினைக்காதீர்கள். சில சமயம் பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப் போவதாலும் வலி நின்று விடும். சீழ் மட்டும் உள்ளே பரவிக் கொண்டிருக்கும்.

தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம். இவற்றில் எது வந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிருக்கே ஆபத்து வரலாம்.

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பல் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். பல அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது.

கூடையில் ஒரு கடலை சொத்தையானால் தூக்கி எறிந்து விடலாம். நமக்கு இருப்பதோ 32 பற்கள். ஒன்று போனால் போனதுதான்!