செங்கல்லில் தொடங்கிய பாடம்

முதியோருக்குக் கற்பிக்கச் செல்லும் மாணவர் பலர் குழந்தைகளின் அரிச்சுவடியையே கையில் எடுத்துச் செல்கின்றனர். இது பொருந்தாது என்பது என் கருத்து. முதியவர் உள்ளம் வெற்றுப் பலகையன்று. வீடு கட்டியும் வயல் உழுதும் பெற்ற அறிவு அவரிடம் உண்டு. பாடம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

1963-ஆம் ஆண்டில், பிரேசிலின் வடகிழக்கிலுள்ள அஞ்சிக்கோஸ் என்னும் சிற்றூரில், பவுலோ பிரேயிரே என்ற கல்வியாளர் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முற்பட்டார். அவர் முறையில் அரிச்சுவடி இல்லை. மக்கள் நாளும் வழங்கும் சொற்களே பாடம். 'திஜோலோ' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். போர்ச்சுகீசிய மொழியில் செங்கல் என்பது அதன் பொருள். முதலில் கட்டட வேலையைக் காட்டும் ஒரு படம். அதைப் பற்றிக் கற்போரே பேசுவர். (ஆசிரியர் வாய் திறவாதிருப்பதுதான் இங்கே கடினமான வேலை!) பின்னர்ச் சொல்லை அசைகளாகப் பிரித்து, த, தெ, தி, தொ, து என்றும், ஜ, ஜெ, ஜி, ஜொ, ஜு என்றும், ல, லெ, லி, லொ, லு என்றும் வரிசைப்படுத்துவர். அவ்வசைகளைக் கூட்டி, கடையைக் குறிக்கும் 'லோஜா', போராட்டத்தைக் குறிக்கும் 'லூத்தா' முதலிய புதுச் சொற்களைக் கற்போர் தாமே ஆக்குவர்.

எழுத்தறியாதார்க்கு அந்நாட்டில் அக்காலத்தில் வாக்குரிமை இல்லை. ஆகவே அந்த 40 மணி நேரம் ஓர் உழவரை வாக்காளராக்க வல்லதாயிருந்தது. 1964-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பிரேயிரே சிறைப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். எழுத்தறியாதார் அங்கே வாக்குரிமை பெற்றது 1985-இல்தான்.