பகிருமுன் ஆறு மூச்சு

மாலையில் கண்டி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் சிக்கிக்கொண்டால் இலேசில் நகராது. கீழே மகாவலி. ஒரு காலத்தில் இங்கே யானைகளைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கவென்றே வெளிநாட்டார் வந்தார்கள். இப்போது ஆற்றைப் பார்க்க ஆளில்லை. டியூஷன் முடிந்து ஏறிய உயர்தர மாணவர்கள் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறார்கள். பெருவிரல் மட்டும் மேலே தள்ளிக்கொண்டே போகிறது. ஒன்றில் சிரிப்பு, அடுத்ததில் சாவு, அதற்கடுத்ததில் கூடப் படிக்கிறவளின் பிறந்தநாள் கேக். ஒவ்வொன்றுக்கும் சில விநாடிதான். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால் மனம் எதிலும் ஒட்டுவதில்லை.

பிள்ளைகளைத் திட்டுவது சுலபம். போனைப் பிடுங்குவது அதைவிடச் சுலபம். கண்டி மாவட்டம் அதையும் பார்த்துவிட்டது.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வதந்தி நெருப்பாய்ப் பரவியது. மார்ச் 7ஆம் திகதி அரசு அவற்றை முடக்கியது. 15ஆம் திகதிதான் பேஸ்புக் திரும்பி வந்தது. அதற்குள் பலர் வீ.பி.என். போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். அந்த வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. வெளியே போட்ட பூட்டு அவ்வளவுதான் தாங்கும்.

உள்ளே போடும் பூட்டுக்கு யோகத்தில் ஒரு பெயர் உண்டு: பிரத்தியாகாரம். கண்ணும் காதும் ஓடுகிற பக்கமெல்லாம் மனத்தை ஓடவிடாமல் திருப்பி இழுப்பது. பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் இது ஐந்தாவது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் தமிழில் பாடியிருக்கிறார். பதஞ்சலி சூத்திரங்களுக்கு விளக்கமெழுதி ‘ராஜயோகம்’ நூலை வெளியிட்ட மறு ஆண்டு, 1897 ஜனவரியில், விவேகானந்தர் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போனார். இந்த மகாவலியைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். நாமோ மூன்றாவது அங்கமான ஆசனத்தோடு நின்றுவிடுகிறோம். அதையும் படமெடுத்துப் போட்டு லைக் எண்ணுகிறோம்.

மூச்சுக்குச் சமயமில்லை

ஐந்தாவது அங்கத்துக்குப் படி நான்காவதான பிராணாயாமம், அதாவது மூச்சை ஒழுங்குபடுத்துவது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பதற்றத்தில் அது கூடும். 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், 23 பேரைக் கத்தோலிக்கச் செபமாலையையும் பௌத்தர்கள் சொல்லும் மணி பத்மே மந்திரத்தையும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறளவில் இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் இயக்கமும் மேம்பட்டது. விகாரை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம் என எல்லா வாசலுக்கும் ஆள் போகிற ஊர் இது. ‘யோகா எங்கள் சமயமில்லையே’ என்று எந்த வீட்டிலும் தயங்க வேண்டியதில்லை.

இதற்குப் பாயும் வேண்டாம், வகுப்புக் கட்டணமும் வேண்டாம். பஸ் இருக்கையில் முதுகை நிமிர்த்துங்கள். போனை மடியில் கவிழ்த்து வையுங்கள். ஐந்து விநாடி மூக்கால் உள்ளே, ஐந்து விநாடி வெளியே. அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்குச் சரியாக ஆறு மூச்சு. பாலத்தைத் தாண்டுவதற்குள் ஐந்து நிமிடம் செய்துவிடலாம். குனிந்தே பழகிய கழுத்துக்கும் தோளுக்கும் புஜங்காசனம் நல்லது. அதை மட்டும் தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுச் செய்யுங்கள். இரவில் போன் அடுத்த அறையில் தூங்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. யோகம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. பிள்ளை பல நாளாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று சொல்கிறது என்றால் ‘மூச்சுப் பயிற்சி செய், சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

தம்பி, தங்கச்சி, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யாரோ அனுப்பிய செய்தி இரத்தத்தைக் கொதிக்கவைத்தால், அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுமுன் ஆறு மூச்சு விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். அதற்குப் பிறகும் அனுப்பத்தான் வேண்டும் என்று பட்டால் அனுப்புங்கள்.